ஏழாவது ஓட்டை

அத்தியாயம் ஏழு

போன் அடித்தபோது ரேடியோ தையல் மிஷினுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். விழுந்த ஊசியைத் தேடுவதும் துப்பறியும் வேலையில் சேர்த்திதான் என்று அண்ணி சொல்லிவிட்டதால் மறுபேச்சுக்கு வழியில்லை. வாசல் பலகையில் 'இங்கே சட்டை தைக்கப்படும்' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 'துப்பும் துலக்கப்படும்' என்று சின்னதாகவும் எழுதியிருக்கும். சட்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. "என் தங்கச்சி வாயை அணைக்க முடிஞ்சா அணைச்சுப் பாரு" என்று அவளுடைய அண்ணன் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னான். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்த மனைவிதான் அண்ணி. நாத்தனாரையும் அண்ணியையும் ஒரு அறையில் விட்டால் பத்தாவது நிமிஷம் பாத்திரம் பறக்கிற வீடுகள் உண்டு. இவர்கள் இருவரும் பதினோரு வருஷமாக ஒரே ஆபீஸில் குப்பை கொட்டுகிறார்கள். பறந்தது ஒரே ஒரு கத்தரிக்கோல், அதுவும் கை தவறி.

ரேடியோ போனைக் காதில் வைத்தாள். ஒரு பெண் குரல், கிசுகிசுவென்று.

"மேடம், உடனே வாங்க. கீ போடுற ஓட்டை ஆறுதான் இருக்கணும். இப்போ ஏழு இருக்கு. அதனால எங்க அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புறாரு. எனக்கு எங்க வீட்டுக்காரரும் வேணும், எங்க அண்ணனும் வேணும். சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிச்சுடுங்க."

விலாசம் சொல்லி வைத்துவிட்டாள். ரேடியோ ஊசியை மறந்து எழுந்தாள்.

"அண்ணி, ஒரு வீட்டுல ஆறு சாவித் துவாரம் இருந்துச்சாம், இப்போ ஏழாம். எவனோ உள்ளே பூந்து, திருடாம, புதுசா ஒரு பூட்டை மாட்டிட்டுப் போயிருக்கான்."

"நல்ல மனுஷனா இருப்பான் போல," என்றாள் அண்ணி. "அந்தச் சாவிக்கொத்தை எடு. பூதக்கண்ணாடியையும் எடு."

"மணி ரெண்டேகால். இன்னும் சாப்பிடலை."

"பூட்டு ஏழு இருக்கிற வீட்டுல சோறு இருக்காதா? வா."

அந்த வீட்டு வாசல் கதவில் பூட்டே இல்லை. வெறும் கொக்கி. ரேடியோ சாவிக்கொத்தைப் பைக்குள் தள்ளிவிட்டுக் கதவைத் தட்டினாள். அழுது சிவந்த மூக்கோடு ஒரு பெண் திறந்தாள். போன் செய்த வீட்டுக்காரம்மா. வணக்கம் சொல்வதற்குள் ரேடியோவின் கையிலிருந்த குடையைப் பிடுங்கிச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினாள்.

அந்தக் கூடத்தைப் பார்த்து ரேடியோ அசந்துதான் போனாள். சீப்பு, கத்தரிக்கோல், காய் நறுக்கும் பலகை, முறம், அளவு ஸ்கேல், கணக்காக ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக ஆணிகளில் தொங்கின. ரப்பர் செருப்புகூடக் குதிகாலில் ஒரு ஓட்டையோடு ஜோடி ஜோடியாகத் தொங்கியது.

"அண்ணி, ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க," என்று ரேடியோ காதைக் கடித்தாள். "நம்மளையும் மாட்டிடப் போறாங்க."

அண்ணி சிரிக்கவில்லை. செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே நடந்தாள்.

பின்கட்டு முழுக்கப் பட்டறை. தரையில் மரச்சுருள், மூலையில் பசைச் சட்டி, மேலே பாதி முடிந்த நாலைந்து கிடார்கள். ஜன்னலோரம் நின்றவர் ஒல்லி, காதில் பென்சில், சட்டைப் பையில் சின்ன இரும்பு ஸ்கேல். கிடார் செய்கிறவர். எதற்கும் எம்.எம். கணக்குப் பார்ப்பதால் ஊரே அவரை எம்மெம் என்று கூப்பிட்டது. எதிர் மூலையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர் குண்டு, சட்டையெல்லாம் பசை. ஒட்டுவதும் பாலீஷ் போடுவதும் அவர் பொறுப்பு. பெயர் பிசின். வீட்டுக்காரம்மாவின் அண்ணன், எம்மெம்முக்கு மச்சான். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு ஆணி மட்டும் காலியாக இருந்தது. இருபது வருஷமாக அந்தப் பெட்டி தொங்கிய ஆணி அது.

"பூட்டு எங்கே சார்?" என்றாள் ரேடியோ.

"என்ன பூட்டு?"

"கீ, ஓட்டைன்னு..."

எம்மெம் மேசையிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு தண்டு, பல் சக்கரம், திருகுவதற்கு ஒரு காது. "இதுதான் கீ. கிடார் கம்பியை இதுல சுத்தி முறுக்கணும். கம்பிக்கு ஒண்ணு. ஆறு கம்பி, ஆறு கீ, தலையில ஆறு ஓட்டை."

"தலையிலயா?"

எம்மெம் மேசையைக் காட்டினார். நீளமாக ஒரு பலகை. இன்னும் செதுக்காத கிடார்க் கழுத்து, தட்டையாகக் கிடந்தது. பின்பக்கம் மேலே இருந்தது. அதில் அளவு வரைந்த காகிதம் ஒட்டி, ஓரமெல்லாம் டேப் சுற்றியிருந்தது. அகலமான முனைதான் தலை. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று ஓட்டை. உச்சியில், நட்ட நடுவில், ஏழாவது.

"இதுக்குப் போயா சண்டை?" என்றாள் ரேடியோ. "தலைன்னா ஏழு ஓட்டை இருக்கத்தானே செய்யும்? ரெண்டு கண்ணு, ரெண்டு காது, மூக்குல ரெண்டு, வாய் ஒண்ணு."

"உனக்கு அந்த ஏழாவது மட்டும் கொஞ்சம் பெருசு," என்றாள் அண்ணி. "சார், நீங்க சொல்லுங்க."

எம்மெம் தொண்டையைச் செருமினார். "இந்த மரம் வேற கிடைக்காது மேடம். ஆர்டர் குடுத்தவங்க பஸ் டிரைவர். சின்ன வயசுல கிளாஸ்ல பாட்டு முணுமுணுத்தாங்கன்னு டீச்சர் அவங்களை பெஞ்சு மேல ஏத்தி நிறுத்திட்டாங்களாம். பள்ளிக்கூடத்துல பழைய சாமானை வித்தப்போ, அதே பெஞ்சை வாங்கிட்டு வந்து, இதுல கிடார் பண்ணிக் குடுங்கன்னாங்க. அந்த பெஞ்சுல கோணாத பலகை இது ஒண்ணுதான். அஞ்சு மணிக்குக் கழுத்தைக் கையில பிடிச்சுப் பாக்க வர்றாங்க."

"ஓட்டை எப்போ போட்டீங்க?"

"காலையில. முதல்ல ஊசியால குத்தி அடையாளம் வைக்கணும். அப்புறம் மூணு எம்.எம். டிரில் பிட்டால ஒரு வழி. அப்புறம்தான் பத்து எம்.எம். கீழே வேண்டாத கட்டை ஒண்ணைக் குடுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மெஷினை இறக்கணும். கட்டை இல்லேன்னா பிட் வெளியே வர்ற பக்கம் மரம் பிளந்து சிலும்பிடும். பன்னெண்டரைக்கு ஆறும் முடிச்சேன். சாப்பிடப் போனேன். ஒண்ணு பதினாலுக்கு வந்தேன். ஏழு இருக்கு! இங்கே இருந்தது மச்சான் மட்டும்தான்."

"நான் கொல்லையில பாலீஷ் போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் பிசின்.

"ரெண்டு வருஷமா ஏழு கம்பி கிடார் செய்யலாம், ஏழு கம்பி கிடார் செய்யலாம்னு நச்சரிச்சீங்களா இல்லையா மச்சான்? நான் முடியாதுன்னேன். இப்போ நீங்களே போட்டுட்டீங்க."

"மாப்பிள்ளை, நீங்க வயசுல சின்னவர். நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை."

"நீங்க பெரியவர். அதனாலதான் நானும் மரியாதையாக் கேக்குறேன், ஏன்யா போட்டீங்க?"

"இவ்வளவு மரியாதையாச் சண்டை போடுறவங்களை நான் பாத்ததே இல்லை," என்று ரேடியோ நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா கதவோரம் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், எதையும் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தாள். பாவம், இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவிக்கிறாள் என்று ரேடியோவுக்கு மனசு கசிந்தது.

அண்ணி மேசையருகே போனாள். சட்டைக்கு இருபது வருஷமாகக் காஜா எடுத்த கை. ஓட்டை விஷயத்தில் அவளை ஏமாற்றுவது கஷ்டம். எம்மெம் காட்டிய கீயை வாங்கி முதல் ஓட்டையில் விட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற ஐந்திலும் அப்படியே. ஏழாவதில் வைத்தாள். நுழையவில்லை.

காதோரம் செருகியிருந்த துணிப் பென்சிலை உருவி விட்டாள். நுழைந்தது.

"ஏழாவது கம்பிக்கு ஆசைப்பட்டவர், கீ நுழையாத ஓட்டையா போடுவாரு?" என்றாள் அண்ணி.

"அவசரத்துல பிட் மாறியிருக்கும்," என்றார் எம்மெம், விடாமல்.

அண்ணி பலகையைப் புரட்டினாள். எம்மெம் கண்ணை மூடிக்கொண்டார். முன்பக்கம், பாட்டுக் கேட்க வருகிறவர்கள் பார்க்கிற பக்கம், ஏழாவது ஓட்டையைச் சுற்றி மரம் பிய்ந்து சிலும்பி நின்றது. மற்ற ஆறும் வழுவழுவென்று இருந்தன. அண்ணி தன் கைக்குட்டையைத் திரித்து ஓட்டைக்குள் விட்டு இழுத்தாள். நூல் நூலாக மாட்டிக்கொண்டு வந்தது.

"கீழே கட்டை குடுக்கலை," என்றாள்.

"கட்டை குடுக்காமலா!" இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

பிசின் பெட்டியிலிருந்து எழுந்தே விட்டார். "மாப்பிள்ளை, ஏழு கம்பிக்காகப் போட்டேன்னு பழி சொன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். கட்டை குடுக்காம ஓட்டை போட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது தாங்காது."

எம்மெம் தலையைச் சொறிந்தார். "அதை நான் எப்படிச் சொல்லுவேன்? மச்சான் தூங்கும்போது ஓட்டை போட்டாக்கூடக் கட்டை வச்சுத்தான் போடுவாரு."

"அப்போ நானும் இல்லை, நீங்களும் இல்லை?"

"இல்லைதான் போலிருக்கு," என்று எம்மெம் முனகினார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. பிசினும் பெட்டியைத் திரும்ப ஆணியில் மாட்டவில்லை.

அண்ணி கைக்குட்டையை வெளிச்சத்தில் விரித்தாள். மரத்தூளோடு வெள்ளையாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. ரேடியோ மோந்து பார்த்தாள். "மாவா? பவுடரா?"

"நக்கிப் பாக்காதே. சுண்ணாம்பு," என்றாள் அண்ணி. "அப்புறம் இங்கே பாரு, காகிதத்துல ஓட்டை ஓரம் கருகியிருக்கு. மரத்துக்குப் போடுற பிட் கத்தி மாதிரி அறுக்கும். இது தேச்சுத் தேச்சு, புகைய வச்சு உள்ளே போயிருக்கு. நாத்தனாரே, பின்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே யோசிக்காம ஓட்டை போடுறவங்க யாரு?"

"பின்பக்கமே இல்லாத பொருள்ல போட்டுப் பழகினவங்க."

"அப்படி என்ன பொருள்?"

ரேடியோ வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "சுவரு! சுவத்துக்குப் பின்பக்கம் இருந்தா அது பக்கத்து வீட்டுக்காரன் கவலை."

"சபாஷ். சார், சுவத்துல தொங்குதே, அது என்ன?"

அண்ணி காட்டிய சுவரில் பத்துப் பதினைந்து பலகைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் கிடார்க் கழுத்து வடிவம்.

"அச்சு மேடம். அளவு எடுக்கிறதுக்கு. காகிதம் ஒட்டி, டேப் சுத்தி வச்சிருப்பேன்."

"அதுல எத்தனை ஓட்டை?"

"ஆறு."

ரேடியோ கிட்டே போய் விரல் விட்டு எண்ணினாள். "ஏழு சார்."

"அட, உச்சியில இருக்கிறது கணக்குல வராதும்மா. அது ஆணியில மாட்டுறதுக்கு," என்றார் எம்மெம். சொன்ன வேகத்தில் அவர் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத்தான் தோன்றியதே தவிர, யோசிக்கத் தோன்றவில்லை. சில மனுஷர்கள் அப்படித்தான், எம்.எம்.மைப் பார்ப்பார்கள், எதிரே நிற்கிற யானையைப் பார்க்க மாட்டார்கள்.

அண்ணி கதவுப் பக்கம் திரும்பினாள். குரலில் தேன் சொட்டியது. "ஏம்மா, இந்தப் பை தோளை அறுக்குது. எங்கேயாவது வைக்கலாமா?"

"குடுங்க, மாட்டிடுறேன்," என்று வீட்டுக்காரம்மா சட்டென்று முன்னால் வந்தாள். சோகமெல்லாம் எங்கே போனதோ.

"மாட்ட முடியாதும்மா, பிடி அறுந்துடுச்சு. மேசையிலேயே கிடக்கட்டும்."

"மேசையிலயா?" அவள் முகத்தில் நிஜமான வலி தெரிந்தது. "வேண்டாம், வேண்டாம். ஒரு நிமிஷம். ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டா போதும்."

ஓடினாள். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தாள், கையில் சொந்த டிரில்லிங் மெஷினோடு. முனையில் சுவர் துளைக்கிற பிட். அதன் பள்ளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு மேலே பழுப்பு மரத்தூள்.

வீட்டுக்காரம்மா கையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் அதையே பார்ப்பதைப் பார்த்தாள்.

"ஐயையோ," என்றாள்.

ரேடியோவுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. நம்மையும் மாட்டிவிடுவார்கள் என்று, வந்து நுழைந்த உடனே தமாஷாகத் தானே சொன்ன விஷயம். வாய் சொன்னது காதுக்கு எட்டவில்லை.

"நீயா?" என்றார் எம்மெம்.

"மேசையில கிடந்துச்சுங்க!" என்று வீட்டுக்காரம்மா கதறினாள். "மேசையில எதுவும் கிடக்கக் கூடாது, எல்லாம் ஆணியில தொங்கணும்னு நீங்கதானே அதோ எழுதி ஒட்டியிருக்கீங்க? காகிதம் ஒட்டியிருந்துச்சு, டேப் சுத்தியிருந்துச்சு, ஆறு ஓட்டை இருந்துச்சு. அச்சுன்னு நினைச்சு, மேசைக்கு வெளியே நீட்டி வச்சு ஒண்ணு போட்டேன். மாட்டலாம்னு திருப்பினா, அந்தப் பக்கம் பெஞ்சு மரம். அப்படியே வச்சுட்டு ஓடிட்டேன்."

"அப்போவே சொல்லியிருக்கலாமே!"

"வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க எங்க அண்ணனைத் திட்ட ஆரம்பிச்சுட்டீங்க. அவரு பெட்டியை ஆணியிலிருந்து பிடுங்கிட்டாரு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"அப்புறம் எங்களை ஏம்மா கூப்பிட்டே?" என்றாள் ரேடியோ. "குத்தவாளியே துப்பறியுறவங்களுக்குப் போன் பண்றதை இப்போதான் பாக்குறேன்."

"நானாச் சொல்ல தைரியம் இல்லை. யாராவது கண்டுபிடிச்சா மாட்டிக்கிட்டதா ஆயிடும். மாட்டிக்கிறது சுலபம் மேடம்."

"உங்க வீட்டுல எல்லாமே மாட்டிக்கத்தான் செய்யுது," என்றாள் ரேடியோ.

பிசின் தங்கச்சியின் தலையில் லேசாகக் குட்டினார். அவர் கண்ணிலும் தண்ணீர். எம்மெம் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாரு போட்டா என்ன, பெஞ்சு போச்சே. மணி நாலு மூணு. அவங்க பஸ் டிரைவர், ஒரு நிமிஷம் முன்னே பின்னே வரமாட்டாங்க."

அண்ணி அந்தச் சிலும்பிய ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்து ரேடியோவின் கழுத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை ரேடியோவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"நாத்தனாரே, அந்த மேல் பொத்தான் சிப்பிதானே?"

"அண்ணி, இது என் பிறந்த நாளுக்கு நீங்களே தச்சுக் குடுத்த சட்டை."

"நான் தச்சதுதானே, நான் பிரிக்கிறேன்." கறக் என்றது கத்தரிக்கோல். ரேடியோ காலரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

எம்மெம் பொத்தானை ஸ்கேலில் வைத்தார். "பதினொண்ணு எம்.எம். சிலும்பின இடமெல்லாம் உள்ளே அடங்கிடும்!"

"ஒரு ஓட்டையை அடைக்க, நாலு ஓட்டை இருக்கிற பொத்தானா?" என்றாள் ரேடியோ. யாரும் காதில் வாங்கவில்லை.

எம்மெம் கைகள் பரபரத்தன. பின்பக்கம் வழியே அதே பெஞ்சு மரத்துண்டைச் சீவி ஓட்டையை அடைத்தார். முன்பக்கம் பதினொன்று எம்.எம். பிட்டால் பொத்தான் கனத்துக்கு மட்டும் பள்ளம் எடுத்தார். அடுத்தது ஒட்ட வேண்டும். கை பழக்கத்தில் பின்னால் நீண்டது.

"மச்சான், பசை," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. பிசின் அந்தக் கையைப் பார்த்தார். மூட்டை கட்டிய பெட்டியைப் பார்த்தார். பிசின் மெதுவாகப் பெட்டியைத் திறந்து, பசை பூசும் பிரஷ்ஷை வெளியே எடுத்தார்.

"தள்ளுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு ஒட்டத் தெரியாது. வழிய விட்டுடுவீங்க."

சரியாக ஐந்து மணிக்கு டிரைவரம்மா காக்கிச் சட்டையோடு வந்தார். கழுத்தைக் கையில் பிடித்தார். நீளவாக்கில் தடவினார். தலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன?"

எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். ரேடியோ பொத்தானில்லாத காலரை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். டிரைவரம்மா வெள்ளைப் பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, பெல்லு! என் வேலை தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!" மறுபடியும் அழுத்தினார். "ரைட், போலாம்!"

எம்மெம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். டிரைவரம்மா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனதும், எழுந்து மச்சானிடம் போனார். நேராக முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பாப் பேசிட்டேன் மச்சான். மன்னிச்சுடுங்க."

"சரி விடுங்க."

எம்மெம் அந்த மரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் காலி ஆணிக்குக் கீழே நின்றார். மாட்ட முடியவில்லை. மத்தியானம் கோபத்தில் பிடுங்கிய பிடுங்கலில், கயிறு கோத்த ஓட்டையே பிளந்துபோயிருந்தது. பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எம்மெம் விழித்தார். மேசையில் வைக்கவும் முடியாது, அவர் எழுதிய சட்டம் எதிரிலேயே ஒட்டியிருந்தது.

வீட்டுக்காரம்மாவின் கை தன்னையறியாமல் மெஷின் பக்கம் போனது. போன வேகத்தில் சுட்டுக்கொண்டது போல் பின்வாங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

எம்மெம் பெட்டியைத் தரையில் வைத்தார். அவள் மெஷினை எடுத்து, சுண்ணாம்பு பிட்டைக் கழற்றி, நல்ல மர பிட் ஒன்றைத் தேடி மாட்டினார். அதை அவள் கையில் கொடுத்தார். மூலையில் கிடந்த வேண்டாத கட்டை ஒன்றை எடுத்துப் பெட்டிப் பலகைக்குப் பின்னால் வைத்து, இரண்டு கையாலும் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ம், போடு," என்றார்.